முன்னால் நடப்பவன்

சிள்வண்டு கத்திக்கொண்டே இருந்தது. கூடாரத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோதும் கத்தியது, நிமிர்ந்தபோதும் கத்தியது, ஆற்றங்கரைப் பாறையில் மண்டியிட்டு முகத்தைத் தண்ணீருக்குள் முக்கியபோதும் அதே சுருதியில், இம்மி கூடாமல் குறையாமல் கத்தியது. தண்ணீருக்குள் எந்த வண்டு கத்தும்? சொரிமுத்து முகத்தை வெளியே எடுத்து ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே உட்கார்ந்திருந்தான். தினமும் விடியும்போது ஒரு கணம் அவனுக்கு நம்பிக்கை வந்துவிடும், இது வெளியே கத்துவதுதான், காடு கத்துகிறது, தூக்கத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று. அப்புறம் இப்படி ஏதாவது ஒன்று, தண்ணீரோ தலையணையோ, காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வருஷமாக அது காதுக்குள் குடியிருக்கிறது. முதலில் இடது காதில் வந்தது, அழுக்கு அடைத்திருக்கிறது என்று நல்லெண்ணெய் காய்ச்சி விட்டான், பிறகு வலது காதுக்கும் போனது, இப்போது மண்டை முழுக்க அதுதான். முகத்துக்கு நேரே நின்று பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல அரைகுறையாக விழும், உதட்டைப் பார்த்து மீதியை நிரப்பிக்கொள்வான். முதுகுக்குப் பின்னால் உலகமே கிடையாது. கடை வைத்திருப்பவனுக்கோ கொத்தனாருக்கோ வந்தால் இது ஒரு கஷ்டம், அவ்வளவுதான், சத்தமாகப் பேசுங்கய்யா என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். அவன் வனத்துறையில் வாச்சர். இருபத்து மூன்று வருஷமாகத் தற்காலிக வாச்சர். உள்ளாற்றுப் பள்ளத்தாக்கில் முகாம் போட வருகிறவர்களை முன்னால் நடந்து கூட்டிப் போய்க் கூட்டி வருகிறவன். காட்டில் வண்டு கத்துவது ஒரு சேதியே இல்லை, வண்டு நிற்பதுதான் சேதி. ஓராயிரம் வண்டும் ஒரே மூச்சில் வாயை மூடும், அப்போது காலை எடுத்து வைக்கக் கூடாது, பக்கத்தில் ஏதோ பெரிது நிற்கிறது என்று அர்த்தம். அந்த அமைதியைத்தான் அவன் தொலைத்துவிட்டான். சத்தம் போனதுகூடப் பரவாயில்லை. அமைதி போய்விட்டது. இனி எந்த யானை வந்து நின்றாலும் அவனுடைய வண்டு நிற்காது.

பின்னாலிருந்து தோளில் கை விழுந்தது. திடுக்கிட்டதைக் காட்டிக்கொள்ளாமல் மெதுவாகத் திரும்பினான். ரகோத்தமன் சார், சென்னைக்காரர், அறுபது தாண்டியவர், ஏதோ கம்பெனியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். "எத்தனை மணிக்குக் கிளம்பறோம் அண்ணே?" என்று வாய் அசைந்தது. "கூடாரத்த மடிச்சதும் கிளம்பிர வேண்டியதுதான் சார், வெயிலுக்கு முந்தி செக்போஸ்ட் போயிருவோம்." நல்ல மனுஷர், ஆனால் மீசை வாயை மறைக்கிறது, நேற்று முழுக்க அவரோடு பாதிக்குப் பாதி ஊகம்தான். ஆறு பேர் வந்திருந்தார்கள். இவர், கேமரா கழுத்தோடு பிறந்ததுபோலத் திரியும் யாழினி என்கிற பெண், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஐ.டி.யில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். வழக்கமாகக் கடைசியில் இன்னொரு வாச்சர் வருவான். அவன் மச்சினி கல்யாணம் என்று லீவு போட்டுவிட்டான், ரேஞ்சர், 'நீ ஒருத்தன் போதாதாய்யா, நீதான் எலி நடந்தாலே சொல்லுவியே' என்று சொல்லி அனுப்பிவிட்டார். எலி நடந்தால். அது ஒரு காலம், அதுவும் பொய்யில்லை, மிளா மான் தண்ணீர் குடிக்கிறதா மனுஷன் குடிக்கிறானா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கிறான். அந்தப் பெயர் மட்டும் இன்னும் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது, ஆள் செத்த பிறகும் ரேஷன் கார்டில் பெயர் இருக்குமே அந்த மாதிரி. இவர்களுக்கு நேற்றே சட்டம் போட்டுவிட்டான். "காட்டுக்குள்ள யாரும் பேசப்படாது. எதாயிருந்தாலும் முன்னால போறவர் தோளைத் தொடணும்." ரகோத்தமன் இவனைப் பார்த்தபடியே மற்றவர்களிடம், "பாத்தீங்களா, இதுதான் டிசிப்ளின். காட்டை மதிக்கிறது இதுதான்" என்றார். அந்த ஜோடிகூட சைகையிலேயே சிரித்துக்கொண்டது. அவனுடைய செவிடு ஒரு ஞானமாக எல்லாருக்கும் தெரிந்தது. வாக்கி டாக்கியை பேட்டரி போய்விட்டது என்று பைக்குள் போட்டுவிட்டான், பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. இப்படி எத்தனை. ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு ஒன்று, எதையும் உருவ முடியாது, எல்லாம் சேர்ந்து தலையில் விழும்.

நடக்கத் தொடங்கினார்கள். ஆறு இடது பக்கம், மேலே நீர்மத்தி மரங்கள், வலது பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் ஈத்தை, மூங்கில் வகைதான், ஒல்லியாக நெருக்கமாக, கை விட்டால் கை தெரியாது. ஆறு கிலோமீட்டர். காற்று முதுகில் அடித்தது. அதுதான் பிடிக்கவில்லை. காலையில் பள்ளத்தாக்குக் காற்று ஆற்றோடு சேர்ந்து கீழே இறங்கும், இவர்களும் கீழே இறங்குகிறார்கள், முன்னால் எது நின்றாலும் இவர்கள் வாடை அதற்குப் போகும், அதன் வாடை இவனுக்கு வராது. காது போன பிறகு மூக்கைத்தான் நம்பியிருந்தான். மூக்கும் கண்ணும். கருமந்தியின் முகத்தைப் பார்ப்பான், அது எங்கே பார்க்கிறது என்று பார்ப்பான், மலையணில் வால் துடிக்கிறதா, பறவை எந்தப் பக்கமாக எழும்புகிறது, யானை லத்தியில் ஆவி பறக்கிறதா. இப்படி ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்து, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கண் இரண்டும் மிளகாய் வைத்ததுபோல எரியும். வடிவு ஈரத்துணியை மடித்துக் கண்மேல் போடுவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கட்டியவளுக்குத் தெரியாமல் இருக்குமா, தெரியும், எப்போது தெரிந்தது என்றுதான் அவனுக்குத் தெரியாது. ஒரு நாள் சாப்பிடும்போது ரசமா மோரா என்று கேட்டிருக்கிறாள் போல, மூன்று தடவை கேட்டிருக்கிறாள், நிமிர்ந்து பார்த்தபோது கரண்டியைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை. மறுநாளிலிருந்து அவனைத் தொட்டுவிட்டுத்தான் பேசினாள். அடுக்களையிலிருந்து கத்துவதை விட்டுவிட்டாள், முன்னால் வந்து நின்று உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொல்வாள், ஆனால் உங்களுக்குக் காது கேட்கலையா என்று ஒரு வார்த்தை கிடையாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ? தென்காசியில் ஒரு டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போய் வந்ததைச் சொல்லியிருப்பானோ? கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் வந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே நர்ஸ் பிள்ளையின் கை அசைவதைப் பார்த்துப் பார்த்து அழுத்தினான். டாக்டரிடமே ஏமாற்று. யாரை ஏமாற்றி என்ன செய்ய? அவர் அதையும் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டு அந்தப் பிள்ளையைத் திரும்பி உட்காரச் சொன்னார். நரம்பு போயிட்டு, இனி திரும்பாது, மிஷின் வெச்சா கொஞ்சம் கேக்கும் என்று எழுதிக் காட்டினார். மிஷின் வைத்தவனை எவன் காட்டுக்குள் விடுவான். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்ல ஒரு தாள்கூட வேண்டாம், தற்காலிகம்தானே. வேறு என்ன தெரியும் அவனுக்கு? இந்த ஆறு தெரியும், இந்த ஈத்தைக்காடு தெரியும். அவ்வளவுதான் அவன்.

திருப்பம் வந்தது. வரும் என்று தெரியும், மூன்று கிலோமீட்டரில் பாதை ஆற்றைவிட்டு வலது பக்கம் ஒடிந்து ஒரு பெரிய பாறையைச் சுற்றும். பார்க்கக் கூடாது என்று எதிர்ப்பக்கம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தான். ஆற்றைப் பார்த்தால் மட்டும் நினைப்பு விடுமா. பதினாலு மாசத்துக்கு முன்னால் ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம், ரோந்து முடிந்து இரண்டு பேர் இந்தத் திருப்பத்தில் வந்தார்கள், முன்னால் சொரிமுத்து, பின்னால் மாசிலாமணி அண்ணன். இருபது வருஷம் ஒன்றாக நடந்த ஆள். அதிகம் பேச மாட்டார், சொரிமுத்து பேசுவான், அவர் ம்ம் கொட்டுவார். அன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டே நடந்தான். மகளுக்கு வந்திருக்கும் வரன், பையன் தூத்துக்குடியில் ஹார்பரில் வேலை, தலை கொஞ்சம் வழுக்கை, அதனால் என்ன. ம்ம் வந்ததா? வராததைக் கவனிக்கவில்லை. அப்போதே இடது காது போயிருந்தது, வலதும் அடைத்துத் திறந்து விளையாடிக்கொண்டிருந்தது, தெரியும், தெரிந்தேதான் முன்னால் நடந்தான், அழுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே நடந்தான். பாறையைச் சுற்றி, இறக்கம் இறங்கி, ஓடையைத் தாண்டி, பத்து நிமிஷம். பத்து நிமிஷம் ஒரு செத்த ஆளிடம் கல்யாணக் கதை பேசிக்கொண்டு போயிருக்கிறான். வழுக்கை இருந்தா என்ன, நீங்க என்ன சொல்லுதிய அண்ணே என்று திரும்பினான். யாரும் இல்லை. ஒண்ணுக்குப் போயிருப்பார் என்று ஒரு பீடி பற்றவைத்தான். பீடி பற்றவைத்தான். அதைப் பாதி குடித்த பிறகுதான் திரும்பி நடந்தான். ஒரு செருப்பு பாதையில் கிடந்தது. மற்றதை நினைக்கக் கூடாது. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள், ஒற்றை யானை, பின்பக்கமாக ஓசையில்லாமல் வந்து தாக்கியிருக்கிறது, இறந்தவர் குரல் எழுப்ப அவகாசம் இருக்கவில்லை. எப்படித் தெரியும்? 'சொரிமுத்து அறுவது அடியில முன்னால போயிருக்கான். அவன் காதுக்குத் தப்பி ஒரு சத்தம் வருமா சார்?' அன்றைக்கு இருந்த ரேஞ்சர் சொன்னார். அவன் காதுதான் சாட்சி. அவன் காதை வைத்துத்தான் மாசிலாமணி கத்தவில்லை என்று முடிவு செய்தார்கள், கத்தாமலே செத்தார், வலி தெரியாமல் செத்தார். அவர் மனைவி எஸ்தர் மைனி ஆஸ்பத்திரி வாசலில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கூப்பிட்டாவளா தம்பி? கடைசியா எதாவது சொன்னாவளா? எம் பேரையாவது?" அவன் சொன்னான், "சத்தமே இல்ல மைனி." சத்தியம்தான். அவனுக்குச் சத்தமே இல்லை. ஆனால் கத்தாமல் இருப்பாரா ஒரு மனுஷன்? என்ன கத்தியிருப்பார்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மாட்டிக்கொள்ளும், முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி, முன்னாலும் போகாது பின்னாலும் வராது. 'ஓடு' என்று கத்தியிருந்தால் இவனைக் காப்பாற்றக் கத்தியிருக்கிறார். 'முத்து' என்று கத்தியிருந்தால் இவனைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் மட்டும்தான் அவனை முத்து என்பார். 'ஏசப்பா' என்று கத்தியிருந்தால் அது அவருக்கும் கர்த்தருக்கும் நடுவில், இவன் நிம்மதியாக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஏசப்பா என்றுதான் முடிவு செய்வான். மத்தியானத்துக்குள் அது முத்து என்று மாறிவிடும். ஒரு தடவையா, பத்து தடவையா? முதல் தடவை கூப்பிட்டபோது இவன் திரும்புவான் என்று நம்பித்தானே கூப்பிட்டிருப்பார்? இரண்டாம் தடவை? இவன் முதுகு போய்க்கொண்டே இருக்கிறது. என்ன நினைத்திருப்பார்? கேட்டும் போகிறான் என்றா?

கால் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பாறை எப்போதோ போய்விட்டது, இறக்கமும் போய்விட்டது, ஓடைக்கு முன்னால் ஈத்தை இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு பாதை ஒரு சந்து மாதிரி ஆகிற இடம். வெயில் பொட்டுப் பொட்டாகப் பாதையில் கிடந்தது. என்னவோ சரியில்லை. என்ன என்று தெரியவில்லை, உள்ளங்காலில் ஒரு வெறுமை, பின்னால் ஆள் நடக்கும்போது தரையில் ஓர் அதிர்வு இருக்குமே, காது போனதிலிருந்து அதைக் காலால் கேட்கப் பழகியிருந்தான், அது இல்லை. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. இல்லை, இருந்தார்கள், ஐம்பது அடி தள்ளி, ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு, முகம் சுண்ணாம்பாக. ரகோத்தமன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மற்றக் கையை வா வா என்று ஆட்டினார். தோளைத் தொடும் தூரத்தில் அவர் இல்லை. பேசக் கூடாது என்று சட்டம் போட்டவன் இவன். எவனோ விழுந்துவிட்டானா, பாம்பா, என்ன? அண்ணன் தம்பியில் இளையவன் இவனைத் தாண்டி எதையோ பார்த்தான். சொரிமுத்து அவன் கண் போன திசையில் திரும்பினான். முப்பது அடியில் ஈத்தை இரண்டாகப் பிளந்திருந்தது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். சுவருக்குக் கண் இருந்தது. ஒடித்த ஈத்தை ஒன்று வாயில் பாதியும் வெளியில் பாதியுமாக நின்றது. அந்த ஈத்தை ஒடிகிற சத்தம், படார் படாரென்று கேட்டிருக்கும், பச்சைக்குழந்தைக்கும் கேட்டிருக்கும், ஆறு பேருக்கும் கேட்டிருக்கிறது, காட்டையே பார்த்திராத ஆறு பேருக்கும். ஒற்றைக் கொம்பன். அதுவா இதுவா, அன்றைக்கு வந்ததா? எதுவாக இருந்தால் என்ன. பின்வாங்க வேண்டும். பக்கவாட்டில், கண்ணைப் பார்க்காமல், மெதுவாக, அவனுக்குத் தெரியாதா, ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். கால் நகரவில்லை. அது பயமும் இல்லை. உடம்பு அப்படியே லேசாகிவிட்டது. அண்ணே, இப்படித்தான் இருந்ததா? இவ்வளவு கிட்டவா நின்றது? நல்லது, வா, வந்து முடித்துவிட்டுப் போ, பொய் எல்லாம் முடியட்டும், வடிவு கொஞ்ச நாள் அழுவாள், காதுக்குள் கத்துவது நிற்கும். அது காதை விரித்தது. தும்பிக்கையை நீட்டி அவன் வாடையைப் பிடித்தது. காதை விரித்தால் எவ்வளவு பெரிசு, எவ்வளவு கேட்கும் அதற்கு, இவன் நெஞ்சு அடிப்பதுகூடக் கேட்குமோ. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது வாயிலிருந்த ஈத்தையை மென்றது. இவனை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாததுபோலப் பின்பக்கத்தைக் காட்டித் திரும்பி, சரிவில் இறங்கி ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டது. அதுவும் வேண்டாம் என்று போய்விட்டது.

அவர்கள் ஓடி வந்தார்கள். ரகோத்தமன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார், பெரிய மனுஷர், தோள் குலுங்கியது, சட்டையை அவர் கண்ணீர் சூடாக நனைத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் உதட்டைப் பார்ப்பது? அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. சத்தம் கேட்டதும் இவர்கள் நின்றுவிட்டார்கள், அவன் மட்டும் நிற்காமல் நேராக யானையைப் பார்த்து நடந்தான், இவர்களுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றுகொண்டான், ஒரு அடி பின்வாங்கவில்லை. "எங்களுக்காகப் போய் நின்னீங்களே அண்ணா!" புதுப்பெண் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. "இல்லம்மா, அப்படியில்ல" என்றான். "பாருங்க, எவ்ளோ சிம்பிளா சொல்றார்" என்று அவள் புருஷன் உதடு அசைந்தது. யாழினி பாதையைப் படம் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள், எல்லாம் அவள் போனில் இருந்தது. "அண்ணா, இதக் கேளுங்க, என்ன சத்தம்!" போனை அவன் காதருகே கொண்டுவந்தாள். கேட்பவன்போல முகத்தை வைத்துக்கொண்டான், புருவத்தைத் தூக்கினான், எவ்வளவு தூக்க வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். பிறகு திரையை முன்னால் பிடித்தாள். பச்சைச் சந்துக்குள் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை, வியர்வையில் நடுமுதுகு கறுத்திருந்தது, வலது தோள் கொஞ்சம் இறங்கி, கையில் கம்பு. படம் குலுங்கியது, அப்போதுதான் முதல் ஈத்தை ஒடிந்திருக்க வேண்டும், படம் நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. மறுபடி குலுங்கியது. அவன் நிற்கவில்லை. தலை லேசாகக்கூடத் திரும்பவில்லை. அடி மேல் அடி வைத்து, உலகத்தில் ஒன்றுமே நடக்காததுபோல, சிறிதாகிச் சிறிதாகிப் போய்க்கொண்டே இருந்தான். சொரிமுத்து தன் முதுகை அதுவரை பார்த்ததில்லை. யாரும் பார்ப்பதில்லை. இதுதான் அது. மாசிலாமணி அண்ணன் கடைசியாகப் பார்த்தது இதைத்தான். இந்தக் கறுத்த நடுமுதுகை, இந்த இறங்கின தோளை, முத்து என்று கத்தியும் திரும்பாமல் போன இந்தத் தலையை. "சூப்பர்ல?" என்றது யாழினியின் வாய். அவன் பாதையோரம் போய்க் குந்தி உட்கார்ந்து வாந்தியெடுத்தான். காலையில் பாலில்லாமல் குடித்த கட்டன்சாயா மட்டும்தான் வந்தது. யாரோ முதுகைத் தடவிவிட்டார்கள். நிமிர்ந்தபோது புதுப்பெண்ணின் உதடு அசைந்தது, "இப்பத்தான் ஷாக் தெரியுது பாவம்."

செக்போஸ்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிக்னல் கிடைத்ததும் படம் அவனுக்கு முன்னால் போய்விட்டது. ரேஞ்சர் ஜீப்பைப் போட்டுக்கொண்டு வந்து காத்திருந்தார், புதிதாக வந்தவர், சின்ன வயசு, நல்லவர்தான், அவனைத் தோளோடு சேர்த்து அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். ரகோத்தமன் அவரிடம் என்னென்னவோ சொன்னார், கையை விரித்து யானையின் அகலத்தைக் காட்டினார். வேன் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது, கடைசி வரைக்கும் கண்ணாடிக்குள் கைகள் அசைந்தன. பிறகு ரேஞ்சர் அவன் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை ஒரு ஸ்கூல்லேர்ந்து வாராங்க. நாப்பது பிள்ளைங்க, எட்டாங்கிளாஸ், ரெண்டு நாள் முகாம். ஹெட்மாஸ்டர் பயந்துட்டே இருந்தாரு. இந்த வீடியோவ அனுப்பினேன், உடனே சரின்னுட்டாரு. நீதான் முன்னால போற." தெளிவாகப் பேசுகிற உதடு, ஒரு எழுத்து தப்பவில்லை. நாற்பது. வரிசையாக வந்தால் இருநூறு அடி நீளம். கடைசியில் ஒரு பிள்ளை. எட்டாங்கிளாஸ் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும், அதுவும் மறந்துபோயிற்றே. ரேஞ்சர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். சொரிமுத்து சொன்னான். "எனக்குக் காது கேக்காதுய்யா." சொன்னானா? தொண்டை அசைந்தது தெரிந்தது. குரல் வெளியே வந்ததா உள்ளேயே நின்றதா, அது எப்படித் தெரியும் அவனுக்கு, தன் குரலைக் கேட்டே ஒரு வருஷம் ஆகிறது. ஜீப் நடுங்கியதால் என்ஜின் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டான். ரேஞ்சர் தலையை வெளியே நீட்டினார். "என்ன சொரிமுத்து, ஏதாச்சும் சொன்னியா?" இப்போது. இப்போது மறுபடி ஒரு தடவை, அவ்வளவுதான். அந்த இளம் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லய்யா." ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அணைக்கட்டுக் காலனி வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் நடந்தான். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்திருக்கும், உரசிக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது, கண்டக்டர் வெளியே தலையை நீட்டித் திட்டிக்கொண்டே போனான். சாகிறதற்கு யானைதான் வேண்டுமா. வீட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. வடிவு சோறு வடித்து வைத்திருப்பாள், வீடியோ அவளுக்கும் வந்திருக்கும், அவள் அதைப் பார்த்திருப்பாள், அவள் ஒருத்தி மட்டும் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பாள். முனையில் திரும்பாமல் நேராகப் போனான். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டால் கால் நின்றுவிடும். எஸ்தர் மைனி வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் தட்டு, இலை, தூள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி, போன்ல பாத்தோம். ஏசப்பாதான் காப்பாத்தினாரு. உங்கண்ணன் இருந்தா எம்புட்டு..." அவன் உட்காரவில்லை. எதிரே நின்றான். உடம்பிலுள்ள காற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டு, குரல் எவ்வளவு என்று தெரியாததால் கத்தினான், கத்தினது பக்கத்து வீட்டுக் கதவு திறந்ததில் தெரிந்தது. "மைனி, அண்ணன் கூப்பிட்டிருப்பாவ. எனக்குத்தான் கேக்கல. அன்னைக்கே எனக்குக் காது போயிட்டு. ரெண்டு வருசமாச்சு. சத்தமே இல்லன்னு உங்கள்ட்ட சொன்னேன்லா, அது பொய். எனக்குத் தெரியாது மைனி. அவுக என்ன சொன்னாவன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கும் கேக்கலதான், ஆனை நின்னது தெரியாமத்தான் போனேன்." எதிர்வீட்டு வாசலிலும் ஆள் வந்து நின்றது. சாயங்காலத்துக்குள் ரேஞ்சருக்குப் போய்விடும், சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் வேறு எவனாவது நடப்பான். போகட்டும். அவன் எஸ்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த இலை பாதி சுருண்டபடி நின்றது. பிறகு தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்து வாயோடு சேர்த்து முகத்தில் அழுத்திக்கொண்டாள், கண் மட்டும் மேலே தெரிந்தது, அதையும் மூடிக்கொண்டாள். தோள் அசைந்தது. துணிக்குள் வாய் அசைந்தது. ஏதோ சொல்கிறாள். நீளமாகச் சொல்கிறாள். நடுவில் நிறுத்தினாள், மூச்செடுத்தாள், மறுபடி சொன்னாள். பதினாலு மாசம் வைத்திருந்ததையெல்லாம் சொல்கிறாள்போல. திட்டுகிறாளா? போ என்கிறாளா? பாவம் என்கிறாளா? பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள், அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையை எடுத்துவிட்டு மறுபடி ஒரு தடவை சொல்லுங்க மைனி என்று கேட்க வேண்டும். அதை எந்த வாயால் கேட்பது? அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.